பாட்டியின் தகரப் பெட்டியில் 1957 ஒரு ரூபாய் நோட்டு: கையெழுத்து ஏன் ரிசர்வ் வங்கி கவர்னருடையது இல்லை?

#1 பரண்மேல்பூனை

போகிக்குப் பரண் ஒழிக்கும்போது பாட்டியின் தகரப் பெட்டி கீழே வந்தது. உள்ளே பழைய கிஸ்து ரசீதுகள், யாருடையதென்று தெரியாத இரண்டு ஜாதகம், சாவியில்லாத ஒரு பூட்டு. அடியில் மல் துணி மடிப்பில் நாலு ஒரு ரூபாய் நோட்டு.

அதில் ஒன்றுதான் இந்த இழைக்குக் காரணம். நோட்டில் நாணயத்தின் படம் அச்சடித்திருக்கிறது, அந்த நாணயத்தில் 1957. மேலே 'இந்திய அரசாங்கம்' என்று ஆங்கிலத்தில். ரிசர்வ் வங்கி என்ற பேச்சே எங்கும் இல்லை. கையெழுத்து எச்.எம். படேல். ரிசர்வ் வங்கி கவர்னர் பட்டியலைத் தேடிப் பார்த்தேன், அப்படி ஒருவர் இல்லை. "கள்ள நோட்டுடா, அடுப்பில் போடு" என்கிறார் மாமா.

இவர் யார்? ஏன் இவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 சில்லறைச் சீனு

தயவுசெய்து அடுப்பில் போடாதீர்கள்!

இரண்டு ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நோட்டுகள் ரிசர்வ் வங்கியுடையவை. அதில் கவர்னர் 'இன்ன தொகை தருவதாக உறுதியளிக்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். ஒரு ரூபாய் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள், அந்த வாக்குறுதி இருக்காது. ஏனென்றால் மற்ற நோட்டுகள் ரூபாய் தருவதாகச் சொல்லும் சீட்டு, இது ரூபாயே. சட்டக் கணக்கில் இது காகிதத்தில் அடித்த நாணயம். அதனால்தான் நாணயத்தின் படத்தையே போட்டிருக்கிறார்கள். நாணயம் அடிக்கும் உரிமை அரசாங்கத்துடையது, அதனால் நிதி அமைச்சகச் செயலாளர் கையெழுத்து.

முதல் ஒரு ரூபாய் நோட்டு 1917இல் வந்தது. முதல் உலகப் போரில் வெள்ளிக்குத் தட்டுப்பாடு, வெள்ளி ரூபாய் அடித்துக் கட்டுப்படியாகவில்லை. இடையில் நிறுத்தினார்கள், 1940இல் இரண்டாம் போரில் அதே காரணத்துக்காகத் திரும்ப வந்தது. 1994இல் அச்சடிப்பதை நிறுத்தி, 2015இல் மறுபடி ஆரம்பித்தார்கள்.

மீதி மூன்று நோட்டில் யார் கையெழுத்து என்று பாருங்கள். எழுபதுகளின் கடைசி நோட்டாக இருந்தால் மன்மோகன் சிங் கையெழுத்து இருக்கும்; அப்போது அவர் நிதி அமைச்சகத்தில் செயலாளர். பிறகு கவர்னராகி நூறு ரூபாய் நோட்டிலும் போட்டார். எங்கள் கூட்டத்தில் இந்த இரண்டையும் ஜோடியாக வைத்திருப்பவனுக்குத் தனி மவுசு. நாகர்கோவிலில் பிறந்த எஸ். வெங்கிடரமணனும் அந்த ரகம்தான்: எண்பதுகளில் ஒரு ரூபாயில், 1990க்குப் பிறகு மற்ற நோட்டுகளில்.

#3 பரண்மேல்பூனை

சீனு அண்ணே, ஒன்றில் மன்மோகன் சிங் கையெழுத்தேதான்! இதைச் சொன்னதும் மாமா உடனே கட்சி மாறி, "நான் அப்பவே சொன்னேன், பத்திரமா வை" என்கிறார்.

சரி, எச்.எம். படேல்?

#4 மயிலை மாமா

அந்தப் பெயரைப் பார்த்ததும் எனக்குப் பழைய வயிற்றெரிச்சல் கிளம்பிவிட்டது தம்பி. டி.டி. கிருஷ்ணமாச்சாரியின் பதவியைத் தின்ற விவகாரத்தில் இந்தப் படேல்தான் நடுநாயகம். அதுவும் உன் நோட்டில் இருக்கிற அதே 1957!

டி.டி.கே. நிதி அமைச்சர், படேல் அவருக்குச் செயலாளர். ஆயுள் காப்பீட்டை முந்தின வருஷம்தான் நாட்டுடைமை ஆக்கி எல்.ஐ.சி. ஆரம்பித்திருந்தார்கள். 1957 ஜூனில் எல்.ஐ.சி., ஹரிதாஸ் முந்த்ரா என்ற வியாபாரியின் ஆறு கம்பெனிகளில் சுமார் 1.25 கோடி ரூபாய்க்குப் பங்கு வாங்கியது. ஆள் ஏற்கனவே முழுகிக்கொண்டிருந்தவர். எல்.ஐ.சி.யின் முதலீட்டுக் குழுவைக் கேட்காமலேயே வாங்கினார்கள். அதை நாடாளுமன்றத்தில் கிளப்பியவர் பெரோஸ் காந்தி. நேருவின் மருமகன், காங்கிரஸ்காரர். சொந்த மாமனாரின் அரசாங்கத்தைக் கூண்டில் ஏற்றினார்.

எம்.சி. சாக்ளா தலைமையில் ஒரு நபர் கமிஷன் போட்டார்கள். பம்பாயில் பொதுமக்கள் முன்னாலேயே விசாரணை, ஒரு மாதத்துக்குள் அறிக்கை. இப்போதைய கமிஷன்களை நினைத்துப் பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம். டி.டி.கே., "என்னைக் கேட்டுச் செய்யவில்லை" என்றார். படேல், "அமைச்சருக்குத் தெரியும்" என்றார். செயலாளர் செய்ததற்கு அமைச்சர்தான் பொறுப்பு, பின்னால் ஒதுங்க முடியாது என்று சாக்ளா எழுதிவிட்டார். 1958 பிப்ரவரியில் டி.டி.கே. ராஜினாமா. பட்ஜெட்டுக்கு இரண்டு வாரம்கூட இல்லை. நேருவே அந்த வருஷ பட்ஜெட்டைப் படித்தார்.

கிளைமாக்ஸ் கேள். கையெழுத்துப் போட்ட படேலும் வேலையை விட்டு வெளியே போனார், அரசியலுக்கு வந்தார். 1977இல் ஜனதா ஆட்சியில் இந்தியாவின் நிதி அமைச்சர் யார் தெரியுமா? அதே எச்.எம். படேல். அவர் படித்த இடைக்கால பட்ஜெட் உரை எண்ணூறு வார்த்தைதான், இந்திய சரித்திரத்திலேயே சின்னது. டி.டி.கே. அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

#5 கோயம்புத்தூர்க்காரி

மாமா சொல்வது சுவாரசியமாகத்தான் இருக்கிறது, ஆனால் டி.டி.கே.யை முழுக்கத் தியாகி ஆக்கிவிட்டாரே. சாக்ளா அவரைத் திருடன் என்று சொல்லவில்லை, பொறுப்பு உன்னுடையது என்றார். இரண்டும் வேறுங்க. அப்புறம் அவர் 1963இல் அதே நாற்காலிக்குத் திரும்பி வந்தாரே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

எங்கள் ஊர்க்காரர் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சுதந்திர இந்தியாவின் முதல் நிதி அமைச்சர் கோவை ஆர்.கே. சண்முகம் செட்டியார். காங்கிரஸ்காரரே இல்லை, நீதிக்கட்சி ஆள். கொச்சி சமஸ்தானத்தில் திவானாக இருந்தவர் (எர்ணாகுளத்தில் இன்றைக்கும் சண்முகம் ரோடு இருக்கிறது), 1944இல் பிரெட்டன் வுட்ஸ் மாநாட்டுக்குப் போனவர். தமிழிசைக்காக மேடை ஏறியவர், சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதியவர். அந்தக் காலத்தில் நிதி அமைச்சருக்கு இதற்கெல்லாம் நேரம் இருந்திருக்கிறது!

1947 நவம்பர் 26இல் அவர் படித்த பட்ஜெட் ஏழரை மாதத்துக்கானது, ஆகஸ்ட் 15இலிருந்து அடுத்த மார்ச் 31 வரை. வரவு 171.15 கோடி, செலவு 197.39 கோடி. அந்தச் செலவில் 92.74 கோடி ராணுவத்துக்கு. கிட்டத்தட்டப் பாதி. மீதியில் அகதி முகாம், வெளிநாட்டுத் தானியம் எல்லாம். வீடு பாகம் பிரித்த மறுவாரமே அடுப்படிக் கணக்கு எழுதச் சொன்னால் எப்படி இருக்கும்? அப்படி ஒரு பட்ஜெட்.

அடுத்த ஆகஸ்டில் அவரும் ராஜினாமா. வரி ஏய்ப்பு விசாரணைப் பட்டியலிலிருந்து சில பெயர்கள் விடுபட்ட விவகாரம். அதிலும் 'கீழே செய்தார்கள், மேலே பொறுப்பு' கதைதான்.

#6 பழங்கணக்கு

கோவைக்காரம்மா சொன்னதை நீட்டிப் பார்த்தால் ஒரு விஷயம் தெரிகிறது. சுதந்திரத்துக்குப் பிறகு பட்ஜெட் படித்த முதல் நாலு நிதி அமைச்சர்களும் ராஜினாமா செய்துதான் போனார்கள். யாரும் பதவிக்காலம் முடிந்து மாலை மரியாதையோடு போகவில்லை.

சண்முகம் செட்டியார், அந்தப் பட்டியல். ஜான் மத்தாய், 1950இல்: புதிதாக வந்த திட்டக்குழு, நிதி அமைச்சகத்துக்கு மேலே இன்னொரு அமைச்சரவை போல ஆகிவிடும் என்று சண்டை போட்டுவிட்டுப் போனார். சி.டி. தேஷ்முக், 1956இல்: ரிசர்வ் வங்கியின் முதல் இந்திய கவர்னராக இருந்தவர், பம்பாயை மகாராஷ்டிரத்துக்குக் கொடுக்க மறுத்ததால். நாலாவது டி.டி.கே.

நால்வரில் எனக்குப் பிடித்தவர் மத்தாய். அவர் கேட்டது ஒரே கேள்வி. பணத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான், யாருக்கு எவ்வளவு என்று தீர்மானிப்பது வேறொருவர் என்றால் எப்படி? அதற்குப் பதில் கிடைக்க அறுபத்தைந்து வருஷம் ஆனது. 2015இல் திட்டக்குழுவைக் கலைத்து நிதி ஆயோக் கொண்டுவந்தார்கள். பெயரில் நிதி என்றிருக்கிறதே தவிர அவர்கள் கையில் பணம் கிடையாது. (நம் நிதியும் அந்த 'நீதி'யும் வேறு, அது இந்தியில் கொள்கை.) 2017 பட்ஜெட்டிலிருந்து திட்டச் செலவு, திட்டமில்லாச் செலவு என்ற பிரிவும் போனது. மாநிலங்களுக்குத் திட்டக்குழு பங்கிட்ட பணமெல்லாம் அமைச்சகத்தின் கைக்கு வந்தது. மத்தாய் ஜெயித்தார் என்று சொல்லலாம். அது மாநிலங்களுக்கு நல்லதா என்பது தனிக் கேள்வி; திட்டக்குழுவிடமாவது உட்கார்ந்து வாதாட ஒரு மேசை இருந்தது.

#7 சும்மா_ஒருத்தன்

மொரார்ஜி தேசாய் தன் பிறந்தநாளான பிப்ரவரி 29இல் இரண்டு முறை பட்ஜெட் படித்தார், 1964, 1968. பொது அறிவுக்கு 😀

#8 பழங்கணக்கு

இது வாட்ஸாப்பில் சுற்றுகிற தப்பு. பட்ஜெட் நேரத்தில் வருஷாவருஷம் வரும். 1968 சரி. 1964 பிப்ரவரியில் மொரார்ஜி நிதி அமைச்சரே இல்லை. 1963 ஆகஸ்டில் காமராஜர் திட்டத்தில் பதவி விலகியவர்களில் அவரும் ஒருவர், அவர் இடத்துக்குத்தான் டி.டி.கே. திரும்பி வந்தார். 1964 பட்ஜெட் டி.டி.கே.யுடையது. மொத்தம் பத்து பட்ஜெட் படித்தவர் என்பதால் நடுவில் மூன்றரை வருஷம் இல்லாமல் போனது யாருக்கும் உறைப்பதில்லை.

இன்னொன்று. மவுண்ட் ரோடு எல்.ஐ.சி. கட்டடத்தை 1959இல் திறந்துவைத்தவர் மொரார்ஜி. எல்.ஐ.சி. விவகாரத்தில் ஒருவர் நாற்காலி காலியாகி, அதில் உட்கார்ந்தவர் வந்து எல்.ஐ.சி. கட்டடத்தைத் திறக்கிறார்.

#9 மயிலை மாமா

அந்த 14 மாடியை அண்ணாந்து பார்க்க என் அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். யார் திறந்தார்கள் என்பதெல்லாம் இன்றைக்குத்தான் தெரிகிறது. நன்றி பழங்கணக்கு.

#10 பரண்மேல்பூனை

ஒரு நோட்டைக் கேட்கப் போய் இவ்வளவா! ஒரு சந்தேகம். நிதி அமைச்சகம் என்ற ஏற்பாடே எப்போது ஆரம்பம்? நம்ம ராஜாக்கள் காலத்துக் கருவூலத்திலிருந்து நேரே வந்ததா?

#11 பழங்கணக்கு

இல்லை. இப்போதுள்ள வடிவத்துக்கு 1857 கலகத்தைத்தான் தொடக்கப்புள்ளியாக வைக்க வேண்டும். அதை அடக்கிய செலவில் கடன் தலைக்குமேல் ஏறிவிட்டது. கணக்கை ஒழுங்குபடுத்த லண்டனிலிருந்து ஜேம்ஸ் வில்சன் என்பவரை அனுப்பினார்கள். 'தி எகனாமிஸ்ட்' பத்திரிகையைத் தொடங்கியவர். 1860இல் கல்கத்தாவில் இந்தியாவின் முதல் பட்ஜெட்டைப் படித்தார், கூடவே வருமான வரி. வருஷம் 200 ரூபாய் முதல் 500 வரை சம்பாதிப்பவருக்கு நூற்றுக்கு இரண்டு, அதற்கு மேலே நாலு.

இதில் மெட்ராஸுக்கு ஒரு பங்கு இருக்கிறது. அப்போது இங்கே கவர்னர் சார்லஸ் டிரெவெலியன். செலவைக் குறை, புது வரி போடாதே என்று எதிர்த்தார். எதிர்த்ததோடு நிற்காமல் தன் எதிர்ப்புக் குறிப்பைப் பத்திரிகைகளுக்கே கொடுத்துவிட்டார். அரசாங்க ரகசியம் வீதிக்கு வந்துவிட்டதே என்று லண்டன் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. சென்ட்ரல் பக்கம் அவர் போட்ட பீப்பிள்ஸ் பார்க் மட்டும் பெயர் சொல்லிக்கொண்டிருந்தது.

வில்சன் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அதே 1860 ஆகஸ்டில் கல்கத்தாவில் வயிற்றுக்கடுப்பில் செத்துப்போனார். மூன்று வருஷத்துக்குள் அவர் பார்த்த அதே நிதி உறுப்பினர் (இன்றைய நிதி அமைச்சர் மாதிரி) வேலைக்கு யார் வந்தார் தெரியுமா? துரத்தப்பட்ட டிரெவெலியன். வில்சனின் வருமான வரி 1865இல் முடிவுக்கு வந்தபோது அவர்தான் பொறுப்பில் இருந்தார். அப்புறம் அந்த வரி வேறுவேறு பெயரில் வந்து போய், 1886இலிருந்து நிலைத்துவிட்டது. வில்சனின் கல்லறையை 2007இல் ஒரு வருமான வரி அதிகாரி தேடிக் கண்டுபிடித்தாராம். தொழில் மூதாதையருக்குச் செய்த திதி மாதிரி.

நடுவில் ஒரு கூத்து. 1946இல் இடைக்கால அரசில் உள்துறையை விட்டுக்கொடுக்கப் படேலுக்கு (இவர் சர்தார்!) மனமில்லை, முஸ்லிம் லீகுக்கு நிதியைக் கொடுத்தார்கள். லியாகத் அலி கான் நிதி உறுப்பினர். அப்புறம் பார்த்தால் ஒரு பியூன் போடவும் அவரிடம் ஃபைல் போக வேண்டியிருந்தது. 1947 பட்ஜெட்டில் வியாபார லாபத்துக்குக் கனமான வரி போட்டார், உப்பு வரியை எடுத்தார். நிதித் துறை என்றால் என்ன என்று மற்ற துறைக்காரர்களுக்கு அந்தச் சில மாதத்தில் விளங்கியிருக்கும்.

#12 தஞ்சைக் கருவூலன்

பியூன் போட ஃபைல் என்றதும் உள்ளே வந்துவிட்டேன். முப்பத்துநாலு வருஷம் மாநிலக் கருவூலத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். எல்லோரும் பட்ஜெட் உரை, வரி என்று பேசுகிறீர்கள். நிதித் துறையின் உண்மையான வேலை 'இல்லை' என்று சொல்வது.

நான் சேர்ந்த சார்நிலைக் கருவூலத்தில் மார்ச் 31 என்றால் திருவிழா. எல்லா ஆபீஸிலிருந்தும் பில்லைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பித்தளை டோக்கன் தீர்ந்துபோய், அட்டையில் நம்பர் எழுதிக் கொடுத்திருக்கிறோம். அன்று இரவுக்குள் பாஸ் ஆகாவிட்டால் ஒதுக்கிய பணம் லேப்ஸ். ஒரு பள்ளிக்கூடத்து பெஞ்சு பில், கணக்குத் தலைப்பு ஓர் எண் தப்பு. நான் திருப்பி அனுப்பினேன். கொண்டுவந்த எழுத்தர் வாசலில் உட்கார்ந்து அழுதார். திருத்தி எடுத்துவர அவர் சைக்கிளில் போய் வருவதற்குள் பன்னிரண்டு அடித்துவிட்டது. அந்தப் பிள்ளைகள் இன்னொரு வருஷம் தரையில்தான் உட்கார்ந்திருக்கும். விதிப்படி நான் செய்தது சரி. இன்றைக்கும் சில ராத்திரி அந்த சைக்கிள் ஞாபகம் வரும்.

டெல்லியிலும் இதே கதைதான், அளவுதான் பெரிசு. மார்ச் அவசரத்தை அடக்க, மத்திய நிதி அமைச்சகம் கடைசி காலாண்டில் ஒதுக்கீட்டில் 33 சதவீதத்துக்கு மேல் போகாதே, மார்ச்சில் மட்டும் 15க்கு மேல் போகாதே என்று வரம்பு போட்டு வைத்திருக்கிறது. ஒவ்வொரு அமைச்சகத்திலும் நிதி ஆலோசகர் என்று ஒருவர் இருப்பார். உட்காருவது அந்த அமைச்சகத்தில், ஆனால் மூக்குக்கண்ணாடி நிதி அமைச்சகத்துடையது. ஒரு திட்டம் நல்லதா கெட்டதா என்று அவர் கேட்க மாட்டார், எந்தத் தலைப்பில் எவ்வளவு மிச்சம் என்றுதான் கேட்பார்.

அரசியல் சட்டத்தில் 'பட்ஜெட்' என்ற சொல்லே கிடையாது, தெரியுமா? 112ஆம் பிரிவு 'ஆண்டு நிதிநிலை அறிக்கை' என்கிறது. நாடாளுமன்றம் 114இன் கீழ்ச் சட்டம் போட்டு அனுமதித்தால்தான் தொகுப்பு நிதியிலிருந்து ஒரு காசு வெளியே வரும். இன்னொன்று பலருக்குத் தெரியாது: 1976 வரை மத்திய அரசின் கணக்கை எழுதியதும் தணிக்கை செய்ததும் ஒரே துறை. மாப்பிள்ளையும் அவரே, புரோகிதரும் அவரே. அந்த வருஷம்தான் கணக்கு எழுதுவதைத் தணிக்கையிலிருந்து பிரித்து அமைச்சகங்களிடமே கொடுத்தார்கள், மேலே நிதி அமைச்சகத்தின் கீழ் தலைமைக் கணக்கு அதிகாரி. அப்போது நிதி அமைச்சர் நம்ம சி. சுப்பிரமணியம். பசுமைப் புரட்சிக்கு அவரைக் கொண்டாடுகிறோம், இதற்கு யாரும் கொண்டாடுவதில்லை. கணக்குக்காரர்களுக்கு எப்போதும் இந்த நிலைதான்.

#13 நூல்கண்டு

கருவூலன் ஐயா, அந்த சைக்கிள்காரர் இடத்தில் நான் இப்போது இருக்கிறேன். திருப்பூரில் சின்ன பனியன் யூனிட். ஜி.எஸ்.டி. ரீஃபண்ட் வரவேண்டியது ஏழு மாசமாக நிற்கிறது. சப்ளையர் ஒருவர் பில் நம்பரில் ஒரு சைபரை விட்டுவிட்டார். போர்ட்டலில் போட்டால் ஆபீஸுக்குப் போ என்கிறது, ஆபீஸில் கேட்டால் போர்ட்டலில் போடு என்கிறார்கள். பன்னிரண்டு அடிக்கிற மணிகூட எங்களுக்கு இல்லைங்க.

நியாயமும் சொல்லணும். பாலியெஸ்டர் பக்கம் ரொம்ப வருஷமாக ஒரு கோணல் இருந்தது. நாருக்கு 18, நூலுக்கு 12, துணிக்கு 5 சதவீதம். கச்சாப் பொருளுக்கு அதிகம், முடிந்த பொருளுக்குக் கம்மி. பணம் முழுக்க ரீஃபண்டில் மாட்டிக்கொள்ளும். 2025 செப்டம்பர் 22 முதல் நாருக்கும் நூலுக்கும் 5 ஆக்கிவிட்டார்கள். எட்டு வருஷம் கத்தினது கடைசியில் காதில் விழுந்தது.

#14 கோயம்புத்தூர்க்காரி

அந்த வரியைத் தீர்மானித்தது நிதி அமைச்சகம் மட்டும் இல்லை, ஜி.எஸ்.டி. கவுன்சில். அங்கே ஓட்டில் மத்திய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு எடை, எல்லா மாநிலத்துக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு. ஒரு முடிவு நிறைவேற நாலில் மூன்று வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்க: எல்லா மாநிலமும் ஒரே பக்கம் நின்றாலும் 67 சதவீதம்தான், மத்திய அரசு இல்லாமல் எதுவும் நடக்காது. கவுன்சிலின் பரிந்துரை யாரையும் கட்டுப்படுத்தாது என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் தனியாக வேறு வரி போட்டுப் பார்க்க எந்த மாநிலத்துக்கும் துணிச்சல் இல்லை.

இதையெல்லாம் நினைத்தால் 2019 ஜூலை பட்ஜெட் ஞாபகம் வருகிறது. மதுரையில் பிறந்த நிர்மலா சீதாராமன், முழுநேர நிதி அமைச்சரான முதல் பெண், தன் முதல் பட்ஜெட்டில் 'காய்நெல் அறுத்துக் கவளம் கொளினே' என்று பிசிராந்தையாரைச் சொன்னார். அறுத்துக் கவளமாகக் கொடுத்தால் சின்ன வயல் நெல்லே யானைக்குப் பல நாள் வரும், யானையை வயலுக்குள் விட்டால் வாய்க்குள் போவதைவிடக் காலடியில் போவது அதிகம். பாண்டியன் அறிவுடை நம்பிக்குச் சொன்னது. வரி வசூலுக்கு இதைவிட நல்ல பாடம் எந்தப் பொருளாதாரப் புத்தகத்திலும் இல்லை.

#15 நூல்கண்டு

யானை நெல்லைத் தின்றால்கூடப் பரவாயில்லை அக்கா. இங்கே யானை வாயில் வைத்துக்கொண்டு மெல்லவும் மாட்டேன், துப்பவும் மாட்டேன் என்கிறது.

#16 சும்மா_ஒருத்தன்

அப்படியே நம்ம பங்கையும் பேசுங்க. நாம ஒரு ரூபாய் கொடுத்தா எவ்வளவு திரும்பி வருதுன்னு சண்டை நடக்குதே.

#17 பழங்கணக்கு

அதற்கு இங்கே ஏற்கனவே மூன்று இழை இருக்கிறது, மூன்றும் பூட்டப்பட்டுவிட்டன. இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன். பங்கைத் தீர்மானிப்பது நிதி அமைச்சர் இல்லை, 280ஆம் பிரிவின்படி வருகிற நிதிக்குழு. 15ஆவது குழு மாநிலங்களுக்கு 41 சதவீதம் என்றது, அதில் தமிழ்நாட்டுக்கு 4.079. உத்தரப் பிரதேசத்துக்கு 17.939. 13ஆவது குழுவில் நமக்கு 4.969 இருந்தது.

அமைச்சகத்தின் கை இருப்பது வேறு இடத்தில். செஸ், சர்சார்ஜ் என்று வரிக்கு மேல் கூடுதலாகப் போட்டால் அது பங்கு பிரிக்கிற பானையில் விழாது. வரியை உயர்த்தினால் பாதி கிட்டத்தட்டப் போய்விடும், செஸ் போட்டால் முழுசும் தன்னிடம். எந்தக் கட்சி ஆட்சியாக இருந்தாலும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு இந்த ஆசை வராமல் இருந்ததில்லை. நம்ம ஊர்க்காரர்கள் உட்கார்ந்தபோதும் சேர்த்துத்தான் சொல்கிறேன். சண்முகம் செட்டியார், டி.டி.கே., சி. சுப்பிரமணியம், ஆர். வெங்கட்ராமன், சிதம்பரம், நிர்மலா என்று இத்தனை பேர் போயும், பானையின் அளவைத் தமிழர் யாரும் பெரிதாக்கவில்லை.

#18 மயிலை மாமா

சிதம்பரம் 1997இல் வருமான வரியை 10, 20, 30 சதவீதம் என்று குறைத்தாரே, அதையாவது பாராட்டக்கூடாதா? அதுவும் வருஷா வருஷம் குறளோடு!

#19 பழங்கணக்கு

பாராட்டுகிறேன் மாமா. பானையைப் பற்றிச் சொன்னேன், கரண்டியைப் பற்றி இல்லை.

#20 சில்லறைச் சீனு

நான் நோட்டுப் பக்கமே திரும்பிவிடுகிறேன். மன்மோகன் கையெழுத்து நோட்டைப் பற்றி ஒரு வார்த்தை.

1991இல் சந்திரசேகர் ஆட்சி, யஷ்வந்த் சின்ஹா நிதி அமைச்சர், முழு பட்ஜெட் போடக்கூட முடியவில்லை. அந்நியச் செலாவணி இரண்டு மூன்று வார இறக்குமதிக்குத்தான் தேறும். மே மாதம் 20 டன் தங்கம் சுவிட்சர்லாந்துக்குப் போனது. ஜூலையில் ரிசர்வ் வங்கியின் சொந்தத் தங்கம் சுமார் 47 டன்னை அடகு வைத்தார்கள், சுமார் 40 கோடி டாலருக்கு. அடகு என்றால் ஏட்டில் மாற்றி எழுதவில்லை, பெட்டி பெட்டியாக விமானத்தில் ஏற்றி லண்டனுக்கு அனுப்பினார்கள். அப்போது கவர்னர் அந்த வெங்கிடரமணன். ஜூன் 21இல் நிதி அமைச்சரானவர் மன்மோகன் சிங். ஜூலை 1, 3 இரண்டு நாளில் ரூபாய் மதிப்பைக் குறைத்தார்கள், 24ஆம் தேதி பட்ஜெட்.

என் அம்மா அந்த வருஷம் தன் வளையலை அடகுக் கடையிலிருந்து மீட்டுவிட்டு வந்து பேப்பரில் இந்தச் செய்தியைப் படித்தாள். "அவங்களுமா?" என்றாள். அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பிறகு பட்ஜெட் அன்றைக்கு சாயங்காலம் ஐந்து மணிக்கு ரேடியோ பக்கத்தில் உட்கார ஆரம்பித்தாள். (அப்போதெல்லாம் ஐந்து மணிதான், வெள்ளைக்காரன் காலத்து வழக்கம். 1999இல் யஷ்வந்த் சின்ஹாதான் பதினொன்றுக்கு மாற்றினார்.)

ஒரே ஆள் ஒரு ரூபாயிலும், நூறு ரூபாயிலும் கையெழுத்துப் போட்டு, பிறகு அந்த இரண்டு ரூபாயின் மதிப்பையும் குறைத்தார். அதனால்தான் அந்த ஜோடிக்கு எங்களிடம் மவுசு.

#21 தஞ்சைக் கருவூலன்

சீனு தம்பி, நல்ல செய்தி சொன்னாய். எங்கள் ஆபீஸில் அந்த ஜூலையில் எல்லா பில்லுக்கும் ஒரு வாரம் 'பொறு' என்று வாய்மொழி உத்தரவு. எழுத்தில் வரவே இல்லை. யார் கையெழுத்தும் இல்லாத உத்தரவு.

#22 பரண்மேல்பூனை

எல்லோருக்கும் நன்றி. பாட்டியிடம் போனில் கேட்டேன், 1957 நோட்டை ஏன் வைத்திருக்கிறாய் என்று. பாட்டிக்குக் காது மந்தம், மூன்று தடவை கத்தினேன். அந்த வருஷம் ஏப்ரலில் நயா பைசா வந்ததாம். கடைக்காரர் அணாவையும் பைசாவையும் குழப்பிச் சில்லறையில் ஏமாற்றுகிறார் என்று தாத்தா இனி நோட்டாகவே கொடு என்று சண்டை போட்டு வாங்கி வந்தாராம். படேலையும் தெரியாது, முந்த்ராவையும் தெரியாது.

கடைசிச் சந்தேகம் சீனு அண்ணே: மாமா இப்போது இதை லாமினேட் செய்து கூடத்தில் மாட்டலாம் என்கிறார். செய்யலாமா?

#23 சில்லறைச் சீனு

லாமினேட் வேண்டவே வேண்டாம்! சூடு பட்டால் காகிதம் போச்சு, விலையும் போச்சு. பி.வி.சி. இல்லாத பிளாஸ்டிக் உறையில் போட்டு, வெளிச்சம் படாமல் வையுங்கள். மடிப்பை இஸ்திரி போட்டு நிமிர்த்தவும் கூடாது. முன்பக்கம் பின்பக்கம் இரண்டுக்கும் படம் போடுங்கள், நிலைமையைப் பார்த்துச் சொல்கிறேன்.

#24 பரண்மேல்பூனை

படம் இணைத்திருக்கிறேன். நடுவில் தெரிகிற அந்தப் பழுப்புக் கோடு அழுக்கு இல்லை, தாத்தா ஒட்டிய செலோடேப்.

#25 சில்லறைச் சீனு

தாத்தா ஏன் இப்படிச் செய்தார் 😭